பயணப் பொடவும் ரிட்டன் பாயும்

இந்த ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வெளிநாட்டுக்கு அதிகம் பேரை அனுப்பி வைத்தவர் யார் என்று என்னைக் கேட்டால், எந்த ஏஜென்ட் பெயரையும் சொல்ல மாட்டேன். ரிட்டன் பாய் என்றுதான் சொல்வேன். அவர் ஒருத்தருக்கும் விசா எடுத்துக் கொடுத்தவர் இல்லை. டிக்கெட் போட்டவரும் இல்லை. கடற்கரையில் கல்லைக் குடைந்த ஒரு பொடவுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவனிடம் "போய்ட்டு வாய்யா" என்று சொல்வார். அவ்வளவுதான். அதைக் கேட்காமல் கிளம்பினால் விமானம் தரையை விட்டுக் கிளம்பாது என்று எங்கள் ஊரே கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் என்று சொல்லிவிட்டேன். நான் பிறந்தது கமுதி. மழையை நம்பி மிளகாய் போட்டுக் கெட்ட குடும்பம். அதனால் ஒரு ஜெராக்ஸ் மிஷினை மட்டும் நம்பி, புதுமடத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடலோர ஊருக்கு வந்து கடை போட்டேன். கணக்கு தப்பவில்லை. இந்த ஊரில் மீசை முளைத்தவனெல்லாம் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவான். அவன் மஸ்கட் போய், சவுதி போய், கல்யாணத்துக்கு வந்து, பிள்ளை பிறந்ததை போனில் பார்ப்பான். தெருவில் பகலில் பார்த்தால் பெண்கள், பிள்ளைகள், பள்ளிவாசல் வாசலில் வயசாளிகள், அப்புறம் ஆடுகள். நடுவயது ஆம்பளை என்று பார்த்தால் ரெண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று ரிட்டன் பாய்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அவருக்கே மறந்திருக்கும். ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். அம்மா தவறிய பிறகு தனி ஆள். இளவயதில் அவரும் மற்றவர்களைப் போல வெளிநாட்டுக்குக் கிளம்பியவர்தான். முதல் தடவை விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டைப் பார்த்திருக்கிறார். காலை எப்போது வைப்பது என்று பிடிபடவில்லை. பின்னால் வந்தவருக்கு மரியாதையாக வழி விட்டிருக்கிறார். "நீங்க போங்க சார்." அடுத்தவருக்கு, "நீங்க முன்னாடி போங்கம்மா." இப்படியே விமானம் போகிற வரைக்கும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ரெண்டாம் தடவை, யாரோ சொன்னான் என்று மீசை தாடியை மழித்துக்கொண்டு போயிருக்கிறார். பாஸ்போர்ட்டில் காடு மாதிரி தாடி. அதிகாரி போட்டோவைக் காட்டி, "இது யாரு?" என்றிருக்கிறார். நம்மவர் பயத்தில், "நாந்தான் சார், ஆனா இப்ப இல்ல" என்றிருக்கிறார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் தடவைதான் விசேஷம். படிக்கட்டு ஏறியாயிற்று, தாடி வளர்ந்தாயிற்று, எல்லாம் சரி. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தவர், தானாக எழுந்து வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் ரிட்டன் பாய்.

பட்டப்பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் பயணம் சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போகிறவன் கிளம்புகிற வாரத்தில் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கத்து வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, "பயணம் வச்சிருக்கேன், துஆ செய்ங்க" என்று சொல்லிப் பிரார்த்தனை கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வாயில் ஏதாவது இனிப்பைப் போட்டு அனுப்புவார்கள். வேலித் தகராறில் பேச்சை விட்ட வீட்டுக்குக்கூடப் போவார்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டைச் செத்ததாக வைத்துவிட்டான் என்று அர்த்தம்.

ரிட்டன் பாய் வீட்டை எல்லோரும் விட்டார்கள். திரும்பி வந்தவன் மூஞ்சியில் முழித்தால் போகிறவனும் திரும்பிவிடுவான் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். அவரோ ஒவ்வொரு தடவையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டில் பிஸ்கட் அடுக்கி, பிளாஸ்கில் டீயோடு காத்திருப்பார். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் செருப்புச் சத்தம் அவர் வாசலில் கொஞ்சம் வேகமாகப் போகும். எதிர் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம். சாயங்காலம் தட்டோடு என் கடைக்கு வருவார்.

"மாப்ள, இந்தா. நமுத்துப் போறதுக்குள்ள தின்னுரு."

எங்கள் பக்கம் முஸ்லிமும் இந்துவும் மாமன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், அதனால் நான் மாப்ள. அந்த வருஷங்களில் நான் தின்ற பிஸ்கட்டில்தான் எனக்கு இந்தத் தொந்தி விழுந்தது.

இனி பொடவைச் சொல்ல வேண்டும். குகை என்று எழுதுவார்கள், எங்கள் பக்கம் பொடவு என்போம். எங்கள் கரையில் மலை கிடையாது. கடல் பக்கம் சுண்ணாம்புக்கல் மேடு ஒன்று ரெண்டாள் உயரத்துக்கு நிற்கிறது. அதில் ஒரு பொடவு. குனிந்து உள்ளே போனால் பத்துப் பேர் உட்காரலாம். சுவரெல்லாம் வெள்ளை, கையால் தடவினால் பழைய சிப்பியும் சங்கும் கல்லோடு கல்லாக இறுகியிருப்பது தட்டுப்படும். ராஜா காலத்தில் மரக்கலத்து ஆட்கள் காற்றுக்குக் காத்துக் கிடந்த இடம் என்று வயசாளிகள் சொல்வார்கள். பிறகு சுண்ணாம்பு சுடுகிறவர்கள் கல் வெட்டினார்கள். அதனால் அதற்கு சுண்ணாம்புக் கெடங்கு என்று பெயர். ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவதோடு சரி.

ஒரு நாள் டீக்கடையில் மைதீன் என்கிற இளவட்டம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மஸ்கட் விசா இன்னிக்கு வரும், நாளைக்கு வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. ரிட்டன் பாய் தூரத்து பெஞ்சிலிருந்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"ஏலே, பொடவுல பயணம் சொன்னியா?"

"எந்தப் பொடவு?"

"அதான்யா, சுண்ணாம்புக் கெடங்கு. அது நீங்க வச்ச பேரு. அதுக்கு நெசமான பேரு பயணப் பொடவு. அந்தக் காலத்துல மரக்கலம் ஏறுற ஆளுக, அங்கன வந்து பயணம் சொல்லிட்டுத்தான் போவாக."

"யாருட்டச் சொல்லுவாக?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அங்கன இருக்குற ஆளுட்ட" என்றார்.

டீ மாஸ்டர் விடவில்லை. "இதுக்கு என்ன ஆதாரம் பாய்?"

"கப்பல் படம் கீறி வச்சிருக்காகல்ல, சொவத்துல. போய்ப் பாருங்கய்யா. நாளைக்குப் போய்ப் பாருங்க, இன்னிக்கி வெயிலு."

அடுத்த அரை மணியில் என் கடைக்கு வந்து ஸ்குரூ டிரைவர் ஒன்றை வாங்கிப் போனார். ரிப்பேர்காரர் என்னிடம் ஸ்குரூ டிரைவர் கேட்கிறாரே என்று நினைத்தேன். "என்னோடது மொக்கையாப் போயிரும்" என்றார். சாயங்காலம் திரும்பி வந்தபோது புருவம், மூக்கு, மூக்குக் கண்ணாடி எல்லாம் வெள்ளை.

"என்ன பாய், வெள்ளையடிச்சீகளா?"

"ஆமா மாப்ள. கப்பலுக்கு" என்றார்.

மறுநாள் ஊரே போய்ப் பார்த்தது. கப்பல் இருந்தது. பாய்மரம் கோணலாக, கீழே மூணு அலையோடு, கப்பலை விடப் பெரிய மீன் ஒன்றும் பக்கத்தில். "எந்தக் காலத்துக் கப்பலோ!" என்று வயசாளிகள் கன்னத்தில் கை வைத்தார்கள். மைதீன் உள்ளே போய்ப் பயணம் சொன்னான். அந்த வாரமே விசா வந்துவிட்டது. தற்செயல்தான். ஆனால் தற்செயல் என்று சொன்னால் இந்தக் கரையில் யார் கேட்பார்கள்?

அதன் பிறகு பொடவுக்கு வந்த கிராக்கி இருக்கிறதே! எங்கள் ஊர்ப் பையன்கள் வந்தார்கள். ராமேஸ்வரம் தீவுப் பக்கத்திலிருந்து கழுத்தில் ஜெபமாலையோடு மீன்காரப் பிள்ளைகள் வந்தார்கள். சாயல்குடியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எப்போது யார் போனாலும் உள்ளே ரிட்டன் பாய் இருப்பார். மடியில் ஒரு டேபிள் ஃபேன். "சும்மா காத்தாட வந்தேன்" என்பார். ராசியில்லாத மூஞ்சி என்று யாரும் பின்வாங்கிவிடக் கூடாதே என்று, ஆள் வருகிற சத்தம் கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வருகிறவன் பெயரையும் போகிற நாட்டையும் சொல்வான். அவர் சுவரிடம் "போய்ட்டு வாய்யா" என்பார். அவன் போன பிறகு திரும்பி, அவன் முதுகைப் பார்ப்பார். ஊரில் பாதிப் பேரை அவர் முதுகாகத்தான் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த நாட்களில் அவர் நடையே வேறு. பிஸ்கட் எனக்கு வருவது நின்றுபோனது.

இடையில் ஒரு வம்பும் நடந்தது. மைதீன் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது, பரக்கத்து, அருள் கிடைக்கட்டும் என்று பொடவுச் சுவரைச் சுரண்டி அந்த வெள்ளைப் பொடியைப் பொட்டலமாகக் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான். விமான நிலையத்தில் விடுவார்களா? நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். மோப்ப நாய் முகர்ந்து பார்த்து மூணு தும்மல் போட்டது.

"என்னடா இது?"

"பொடவுப் பொடி சார்."

"என்ன பொடி?"

"சுண்ணாம்பு சார், சுண்ணாம்பு!"

"சுண்ணாம்புன்னா வெத்தலை எங்கடா?"

பாவம், முழுப் பொட்டலத்தையும் அவர்கள் முன்னால் வாயில் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டிருக்கிறார்கள். மஸ்கட் போய்ச் சேர்கிற வரைக்கும் அவன் பேசியது யாருக்கும் விளங்கவில்லையாம். அதன் பிறகு பொடி எடுக்க ரிட்டன் பாய் தடை போட்டார்.

பொடி நின்றாலும் போட்டோ நிற்கவில்லை. எவனோ அந்தக் கப்பலை போனில் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டான். ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. தொப்பி போட்ட தொல்லியல் துறை அதிகாரி ஒருவர் இறங்கினார். டார்ச் அடித்தார், பூதக்கண்ணாடி வைத்தார், பெருமூச்சு விட்டார். பழைய மரக்கல ஓவியமாம். மனிதர் கை படவே கூடாதாம். வாசலுக்கு இரும்புக் கிராதி போட்டுப் பூட்டி, பெயர்ப் பலகை நட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஆள் அம்போடு வருவாராம்.

அன்று ரிட்டன் பாய் என் கடைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, பூட்டுப் போட்டுட்டா அங்கன யாருய்யா வருவா?"

"நீங்கதான் கீறுனதுன்னு சொல்லிருங்க. பூட்ட மாட்டாக."

"சொன்னா பயணப் பொடவுன்னு நான் சொன்னதும் பொய்யின்னு ஆயிரும். அப்பயும் வர மாட்டாக."

அதுவும் நியாயம்தான்.  அவராகவே பேச்சை மாற்றினார்.

"மூணாந்தடவ ஏன் திரும்பி வந்தேன்னு கேப்பேல்ல. அங்கன உக்காந்து பாத்தேன். கண்ணாடிக்கு வெளிய எல்லாருக்கும் வழியனுப்ப ஆளு நிக்கிது. அழுகுது, கையக் காட்டுது. அப்ப அம்மாவும் இல்ல, எனக்கு ஒருத்தரும் இல்ல. நான் போனாலும் வந்தாலும் எப்ப வந்தேன்னு கேக்க நாதி இல்லன்னு ஆயிருச்சு. அப்பறம் எதுக்குய்யா போகணும்? இங்கன இருந்து, போற ஆளுகளயாச்சும் அனுப்புவோம்னு வந்துட்டேன். அதுக்கும் விட மாட்டேனுட்டாக."

மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

கிராதி வந்து இறங்கிய அன்று ஊரே கடற்கரையில் கூடியிருந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிட்டன் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். நான் நினைத்தது, வாய் வராமல் திரும்பிவிடுவார் என்றுதான். ஆனால் பூட்டிய பொடவை விடப் பொய்ப் பொடவே மேல் என்று தோன்றிவிட்டதோ என்னவோ, சத்தமாகவே சொன்னார்.

"சார், அந்தக் கப்பலக் கீறுனது நாந்தான். ஸ்குரூ டிரைவர்ல."

அதிகாரி சிரித்தார். "உங்களுக்கெல்லாம் இதோட அருமை தெரியலைங்க."

"நெசமாத்தான் சார். வேணும்னா பக்கத்துல இன்னொண்ணு கீறிக் காட்டுறேன்."

"தொடாதே!" அதிகாரி நாற்காலியோடு எழுந்துவிட்டார்.

ரிட்டன் பாய் வேறு வழியில்லாமல் ஈர மணலில் குந்தி, விரலால் வரைந்தார். அதே கோணல் பாய்மரம், அதே மூணு அலை, அதே பெரிய மீன். ஊர் சனம் எட்டிப் பார்த்தது. நல்ல நேரம் பார்த்து அதிகாரிக்குப் போன் வந்தது. அவர் பேசி முடித்துத் திரும்புவதற்குள் நிஜ அலை ஒன்று வந்து கப்பலையும் மீனையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. "எங்க, காட்டுங்க" என்றார் அதிகாரி. வெறும் மணல்தான் இருந்தது.

"சரி சார், பூட்டிக்கங்க. பலகைல பயணப் பொடவுன்னாச்சும் எழுதிருங்க. அந்தப் பேரக் கேட்டா ரெண்டு பேரு வருவாக."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "இதுக்கு இதுதான் பேரா?"

ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. மணலில் வரைந்ததைப் பார்த்துவிட்டார்களே. கடைசியில் பெரியவர் ஒருவர் இழுத்தார்: "சுண்ணாம்புக் கெடங்குன்னு சொல்லுவோம் சார்."

அதிகாரிக்கு ரெண்டும் பிடிக்கவில்லை. அவரே 'மரக்கலக் குகை' என்று வைத்துவிட்டார். அப்படி ஒரு பெயரை எங்கள் ஊரில் இன்றுவரை ஒரு ஆடு மேய்க்கிறவர்கூடச் சொன்னதில்லை. சனங்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நல்லது என்று எனக்குப் பட்டது. 

அப்புறம் ரிட்டன் பாயை வெளியில் பார்க்கவே முடியவில்லை. பொடவுப் பக்கம் போகவில்லை, டீக்கடைக்கு வரவில்லை, என் கடைக்கும் வரவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸிகளெல்லாம் அவர் வீட்டு மூலையில் தூங்கின. தெருவில் பயணம் சொல்லும் சத்தம் கேட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும் சாயங்காலங்களைத் தள்ளுவது பெரும்பாடாகிவிட்டது. பொறுக்க முடியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கடை ஃபேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். அவர் ஃபேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு என்னய்யா கேடு?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் கதவை யாரோ தட்டினார்கள்.

வந்தது ஜெனிட்டா. ராமேஸ்வரம் தீவிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் மீனவக் குடும்பத்துப் பெண். நர்ஸ் படித்தவள். குவைத் ஆஸ்பத்திரியில் வேலை. காலையில்தான் என் கடையில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, "பாய் மாமா வீட்லதான் இருப்பாகளா?" என்று கேட்டுப் போனாள். பின்னால் அவள் அம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"மாமா, பயணம் வச்சிருக்கேன். சொல்லிட்டுப் போக வந்தேன்."

ரிட்டன் பாய் சடாரென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புள்ள, நீ அன்னைக்கிக் கடக்கரைல இல்லியா? அது பூராப் பொய்யிம்மா. நானாச் சொன்னது."

"இருந்தேன் மாமா. கேட்டேன்."

"அப்பறம் எதுக்கும்மா? நான் ராசி கெட்ட மனுசன். போன எடத்துலருந்தெல்லாம் திரும்பி வந்தவன்."

"அதுக்குத்தான் மாமா ஒங்ககிட்ட வந்தேன்." அவள் ஒரு எட்டு உள்ளே வந்தாள். "எங்கய்யா கத்தாருக்குப் போனாரு. பெட்டியிலதான் கொண்டாந்தாக. எல்லாரும் போறதுக்குத்தான் துஆ கேக்குறாக. எனக்குத் திரும்பி வரணும் மாமா. இந்த ஊர்ல உசுரோட, முழுசா, சொந்தக் கால்ல திரும்பி வந்து இங்கனயே தங்குனவரு நீங்கதான். இங்கிட்டுத் திரும்பி என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவர் திரும்பினார். அந்த மனிதர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அவளைப் பார்த்தார், அவள் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, பிஸ்கட் இருக்காய்யா?"

என்னிடம் எங்கே இருக்கிறது? வீட்டில் ஒன்றுமில்லை. அடுப்படிக்கு ஓடி, டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீனியைச் சுரண்டிக்கொண்டு வந்தார். அதை அவள் வாயில் போட்டார். அவசரத்தில் பாதி அவர் சட்டையிலேயே கொட்டியது. அவள் தலையில் கை வைத்து, வாய்க்குள் நெடுநேரம் ஓதினார். கடைசியில், "போய்ட்டு, வந்து, இங்கன வந்து சொல்லணும். சரியா ஆத்தா?" என்றார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவள் அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்றார். உள்ளே வந்து என் ஃபேனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மாப்ள, எத்தன வருச காண்ட்ராக்டு?"

"ரெண்டு வருசம் பாய். ஜெராக்ஸ் எடுக்கயில பாத்தேன்."

"அப்ப ரெண்டு வருசம் நான் இருந்தாகணுமேய்யா" என்றார். ஏதோ பெரிய பொறுப்பு தலையில் விழுந்த மாதிரி கவலையாகச் சொன்னார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைத் திருகு திருகாகக் கழற்றவும் ஆரம்பித்தார்.

"அதுக்கு மேலயும் இருங்க பாய்" என்றேன். "நீங்க இல்லாட்டி இந்த ஊர்ல எனக்கு மட்டும் யாரு இருக்கா?"